பொன்னை மறுத்த கைகள் ஏற்ற கருப்பஞ்சாறு

வைசாக மாதத்து வளர்பிறை மூன்றாம் நாள் அட்சய திருதியை. தமிழ்நாட்டில் பெரும்பாலும் சித்திரை வெயில் உச்சத்தை எட்டும் வேளையில் வரும் அந்நாள், அண்மைக் காலத்தில் பொன் வாங்கும் நாளாக எங்கும் விளம்பரம் பெற்றுவிட்டது. அன்று ஒரு குண்டுமணிப் பொன்னேனும் வாங்கினால் ஆண்டு முழுவதும் செல்வம் பெருகும் என்ற எண்ணம் தமிழ்ச் சமணக் குடும்பங்களிலும் புகுந்திருக்கிறது. ஆனால் சமண மரபில் அந்நாளுக்குப் பெருமை சேர்த்தது பொன் அன்று; ஒரு பானம். ஆதிபகவன் விருஷபதேவர் நீண்ட நோன்பின் இறுதியில் அத்தினாபுரத்தில் ஏற்ற கருப்பஞ்சாறே அது. அதற்கு முன் அவர்முன் கொண்டுவரப்பட்டு, அவரால் ஏறெடுத்தும் பார்க்கப்படாத பொருள்களுள் பொன்னும் மணியும் முதன்மையானவை. இந்த வரலாற்றை அறிந்தோர் அந்நாளைப் பொற்கடையில் தொடங்குவதற்குமுன் சற்றே தயங்குவர்.

கருப்பஞ்சாறு பாரத நாட்டின் மிகப் பழைய பானங்களுள் ஒன்று. அதன் வரலாறு சமணப் புராணத்திலும், சங்கப் பாடலிலும், பாறைக் கல்வெட்டிலும், கோயம்புத்தூர் ஆய்வு நிலத்திலும் பரவிக் கிடக்கிறது. இவற்றைத் தொடர்ந்து நோக்கினால், பருகுவதன் வரலாற்றைக் காட்டிலும் கொடுப்பதன் வரலாறே மேலோங்கி நிற்பதைக் காணலாம்.

கொடுக்கத் தெரியாத உலகம்

விருஷபதேவரின் வரலாற்றை விரிவாகக் கூறுவது ஒன்பதாம் நூற்றாண்டில் ஜினசேனாசாரியர் வடமொழியில் இயற்றிய ஆதிபுராணம். மணிப்பிரவாள நடையில் அமைந்த ஸ்ரீபுராணம் அவ்வரலாற்றைத் தமிழ்ச் சமணர் இல்லங்களுக்குக் கொண்டுவந்தது. தலைமுறை தலைமுறையாக ஓதப்பட்டும் கேட்கப்பட்டும் வந்த அந்நூலின் வழியே இக்கதை பலருக்கும் அறிமுகமானது.

பகவான் அரச வாழ்வைத் துறந்தபோது அவருடன் நாலாயிரம் அரசர்களும் துறவு பூண்டனர். பகவான் ஆறு மாத காலம் உணவும் நீரும் இன்றி யோகத்தில் நின்றார். உடன் துறந்த அரசர்களோ துறவின் பொருளை உணர்ந்து துறந்தவர்கள் அல்லர். தலைவன்மீது கொண்ட அன்பினால் மட்டுமே உடன் வந்தவர்கள். பசியும் தாகமும் அவர்களை வாட்டின. சிலர் காட்டுக் கனிகளைப் பறிக்கவும் குளத்து நீரைத் தாமே அள்ளிப் பருகவும் முற்பட்டனர். துறவியின் கோலத்தில் இருந்துகொண்டு அவ்வாறு செய்தல் தகாது என்று வனதேவதைகள் தடுக்கவே, மரவுரியும் பிறவும் உடுத்து வேறு நெறிகளில் புகுந்தனர் என்கிறது புராணம். தாகம் தாங்காமையே அவர்கள் வழிதவறக் காரணமாயிற்று.

ஆறு மாதம் கழிந்தபின் பகவான் ஊர்களை நோக்கி நடந்தார். தமது உடலை ஓம்புவதைக் காட்டிலும், பின்வரும் முனிவர்களுக்கு உணவு ஏற்கும் நெறியைக் காட்டுவதே அவர் நோக்கம். அவர் சென்ற ஊர்களில் எல்லாம் மக்கள் ஓடிவந்து பணிந்தனர். யானையைக் கொண்டுவந்தனர், குதிரையையும் தேரையும் நிறுத்தினர், பொன்னும் மணியும் பட்டாடையும் காலடியில் வைத்தனர், தம் மகளிரை மணம் முடித்துத்தர முன்வந்தனர். தம்மை ஆண்ட மன்னனுக்கு எதைக் கொடுத்தால் தகும் என்று எண்ணினார்களேயன்றி, துறந்த முனிவருக்கு எது தேவை என்று எவரும் எண்ணவில்லை. உணவு கொணர்ந்தவர்களுக்கும் அதை அளிக்கும் முறை தெரியவில்லை. பகவான் வாய்திறந்து கேட்கவும் இல்லை. கேட்பது அந்நெறிக்கு உரியது அன்று. இவ்வாறு மேலும் ஆறு மாதங்களுக்கு மேல் கழிந்தன.

இந்தப் பகுதியைக் கேட்போர் பலர் பகவானின் பொறுமையை வியப்பர். புராணம் சுட்டும் மற்றொரு செய்தியும் அதே அளவு கருதத்தக்கது. அந்நாட்டில் பஞ்சம் இல்லை, கருமிகளும் இல்லை. நெல்லும் கரும்பும் விளைந்து கிடந்தன; கொடுக்கும் உள்ளமும் நிறைந்திருந்தது. கொடுக்கும் நெறி ஒன்றே இல்லாதிருந்தது. அது இன்மையால் ஒரு நாடே உலக குருவைப் பசியோடு அனுப்பிக்கொண்டிருந்தது.

அத்தினாபுரத்தை ஆண்ட சோமப்பிரப மன்னனின் இளவல் சிரேயாம்ச குமாரன். அவன் ஓர் இரவின் இறுதியில் மேருமலை, கற்பகத் தரு, சிங்கம், எருது, கதிரும் மதியும், கடல், மங்கலப் பொருள்கள் ஏந்திய பூதங்கள் என ஏழு கனவுகளைக் கண்டான். அன்றே பகவான் அந்நகருள் புகுந்தார். அவருடைய திருவுருவைக் கண்ட நொடியில் சிரேயாம்சனுக்குப் பழம்பிறப்பின் நினைவு எழுந்தது. முன்னொரு பிறவியில் பகவானின் உயிர் வச்சிரசங்கன் என்னும் அரசனாகவும், சிரேயாம்சனின் உயிர் அவன் தேவி சிரீமதியாகவும் இருந்தபோது, இருவரும் சாரண முனிவர் இருவருக்கு ஆகாரதானம் செய்திருந்தனர். எதிர்கொண்டு அழைத்தல் முதல் உணவின் தூய்மை வரை அன்று செய்த ஒவ்வொன்றும் அவன் நினைவில் தெளிந்தது. உலகம் மறந்திருந்த முறையை ஒருவன் நினைவுகூர்ந்தான். அதனால் தானம் நிகழ்ந்தது.

பகவான் நின்றபடியே இரு கைகளையும் சேர்த்து ஏந்தினார். சோமப்பிரபனும் அவன் தேவியும் உடன் நிற்க, சிரேயாம்சன் தூய கருப்பஞ்சாற்றை அக்கைகளில் வார்த்தான். மணிமழையும் பூமழையும் பொழிந்தன, தேவதுந்துபி முழங்கியது, நறுமணத் தென்றல் வீசியது, 'அஹோ தானம்' என்னும் ஒலி வானில் எழுந்தது. இவ்வைந்தையும் பஞ்சாச்சரியம் என்பர். பரதச் சக்கரவர்த்தியே அத்தினாபுரம் வந்து, பகவானின் கருத்தை எவ்வாறு அறிந்தாய் என்று சிரேயாம்சனை வினவிப் பாராட்டியதாகப் புராணம் கூறும். தருமத் தீர்த்தத்தை முதலில் நிறுவியவர் விருஷபதேவர். தானத் தீர்த்தத்தை முதலில் நிறுவியவன் சிரேயாம்சன் என்பது சமண மரபு. அன்று அளித்த தானம் குறைவற்றதாகையால் அந்நாள் 'அட்சயம்' ஆயிற்று. பெட்டகத்தில் சேர்த்தது குறையாதிருக்கும் என்று அச்சொல் சொல்லவில்லை. கொடுத்தது குறையாது என்றே சொல்கிறது.

இட்சுவாகு என்னும் பெயர்

கரும்புக்கும் ஆதிபகவனுக்கும் உள்ள தொடர்பு அத்தினாபுரத்தோடு தொடங்கவில்லை. வடமொழியில் கரும்புக்கு 'இட்சு' என்று பெயர். கற்பகத் தருக்கள் மறைந்து, மக்கள் எதை உண்பது என்றறியாது கலங்கிய காலத்தில், கரும்பின் சாற்றை எடுத்துப் பயன்கொள்ளும் வழியைக் கற்பித்தமையால் பகவானுக்கு 'இட்சுவாகு' என்னும் பெயர் ஏற்பட்டதாக ஆதிபுராணம் பொருள் கூறுகிறது. சுவேதாம்பர மரபு இதனை வேறுவகையாகச் சொல்லும். குழந்தை விருஷபரைக் காண இந்திரன் கரும்பை ஏந்தி வந்தான் என்றும், குழந்தை அதனைப் பற்றக் கைநீட்டியமையால் அக்குலம் இப்பெயர் பெற்றது என்றும் அம்மரபினர் கூறுவர்.

எவ்வாறாயினும் இரு மரபுகளும் ஒரு செய்தியில் ஒன்றுபடுகின்றன. பிற்காலத்துத் தீர்த்தங்கரர் பலர் தோன்றிய பெருங்குலத்தின் பெயர் ஒரு பயிரின் பெயரால் அமைந்தது. உழவை உலகுக்குக் கற்பித்தவர் என்று பகவானைப் போற்றும் சமூகத்துக்கு இதில் வியப்பில்லை. தமிழ்ச் சமணருள் பெரும்பாலோர் வழிவழியாக உழவர்களே. வந்தவாசி, ஆரணி, செஞ்சி, திண்டிவனம் வட்டாரங்களில் நெல்லும் மணிலாவும் கரும்பும் விளைத்த குடும்பங்களுக்கு, பகவான் கற்பித்த தொழில் அன்றாட வாழ்வாகவே இருந்தது.

அதியர் கொணர்ந்த கரும்பு

தமிழ்நாட்டுக்குக் கரும்பு வந்த செய்தியைச் சங்கப் பாடல்கள் குறித்துவைத்துள்ளன. அதியமான் நெடுமான் அஞ்சியின் முன்னோர் பெறுதற்கரிய கரும்பை இந்நிலத்துக்குக் கொண்டுவந்தனர் என்று ஔவையார் புறநானூற்றின் 99ஆம் பாடலில் பாடுகிறார். அஞ்சியின் மகன் பொகுட்டெழினியைப் பாடிய 392ஆம் பாடலிலும் இச்செய்தி வருகிறது. ஒரு பயிரைக் கொண்டுவந்தமையைப் போர்வெற்றிக்கு நிகரான குலப்பெருமையாகப் பாடியிருப்பது எண்ணத்தக்கது.

அதியர் குலத்தின் பெயர் தமிழகச் சமண வரலாற்றிலும் இருமுறை பொறிக்கப்பட்டுள்ளது. திருக்கோவிலூரை அடுத்த ஜம்பையில் 1981இல் கண்டறியப்பட்ட தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு, சதியபுத்திரனாகிய அதியன் நெடுமான் அஞ்சி பாளி ஒன்றை ஈந்த செய்தியைக் கூறுகிறது. பாளி என்பது துறவியர் தங்கும் குகைப்பள்ளி. அது சமண முனிவர்களுக்குரியது என்பதே அறிஞர் பலரின் கருத்து. அசோகரின் இரண்டாம் பாறைக் கட்டளையில் சோழர், பாண்டியர், கேரளபுத்திரரோடு வைத்து எண்ணப்படும் சதியபுத்திரர் யார் என்று நெடுங்காலம் நிலவிய ஐயத்தையும் இக்கல்வெட்டே தீர்த்தது. மனிதர்க்கும் விலங்குகளுக்கும் மருத்துவம் செய்வித்ததையும், வழிகளில் கிணறுகள் வெட்டுவித்ததையும் கூறும் கட்டளை அது என்பதும் நினைவில் கொள்ளத்தக்கது.

இரண்டாவது சான்று போளூருக்கு அருகிலுள்ள திருமலையில் உள்ளது. எழினி என்னும் முன்னோன் செய்வித்த இயக்கன், இயக்கி திருவுருவங்களை அவன் வழிவந்த விடுகாதழகிய பெருமாள் என்னும் அதியமான் புதுப்பித்து, அம்மலையில் எழுந்தருளச் செய்தான். சேகண்டி ஒன்றை அளித்து, நீர் வரும் கால் ஒன்றையும் அமைத்தான் என்று அங்குள்ள கல்வெட்டு உரைக்கிறது.

இவற்றைக் கொண்டு அதியர் அனைவரையும் சமணர் எனக் கொள்ள இடமில்லை. கரும்பு கொணர்ந்ததைச் சொல்லும் அதே புறப்பாடல், அவர்தம் முன்னோர் தேவரைப் போற்றி வேள்வி செய்ததையும் சொல்கிறது. உறுதியாகக் கூறத்தக்கது இவ்வளவே: தமிழ் நிலத்துக்குக் கரும்பைக் கொணர்ந்ததாகப் பாடப்பட்ட குலம், துறவியர்க்கு உறையுளும் மலைக்கோயிலுக்கு நீர்க்காலும் ஈந்த குலமாகவும் கல்லில் நிலைபெற்றிருக்கிறது.

ஆலையின் ஓசை

'ஆலை' என்றால் இன்று பெருந்தொழிற்கூடம் என்று பொருள். பழந்தமிழில் அச்சொல் சிறப்பாகக் கரும்பு பிழியும் இடத்தையே குறித்தது. காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைக் கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படையில் அத்தகைய ஆலைகளின் காட்சி வருகிறது. யானைக் கூட்டம் பிளிறுவதுபோல் எந்திரங்கள் ஓயாது ஒலிக்கின்றன. சாற்றைப் பாகாகக் காய்ச்சும் புகை ஆலைகளைச் சூழ்ந்திருக்கிறது. அவ்வழியே செல்லும் பாணர் விரும்பிய அளவு இனிய சாற்றைப் பருகலாம் என்று புலவர் வழிகாட்டுகிறார். எந்த ஊரில் எந்தப் பானம் கிடைக்கும் என்று பயணிக்குச் சொல்லும் தமிழ் நூல்களுள் இது மிகப் பழையது எனலாம். அங்கே சாறு விலைக்குக் கிடைத்ததாகப் பேச்சே இல்லை. ஆலைக்கு வந்தவர்க்குச் சாறு உண்டு என்பதே அந்நிலத்தின் வழக்கம். அந்நிலம் தொண்டை நாடு. தமிழ்ச் சமணர் இன்றும் வாழும் பகுதி.

வெல்லம் காய்ச்சும் களங்களில் இவ்வழக்கம் நெடுங்காலம் நீடித்தது. மரத்தாலான செக்குகளுக்குப் பதிலாக இரும்பு உருளைகள் கொண்ட ஆலைகள் 1870களில் பீகாரில் உருவாகி நாடெங்கும் பரவின. மாடுகள் சுற்றிவர, உருளைகளுக்கிடையே கரும்பைச் செலுத்திச் சாறு எடுப்பர். பின்னர் மாட்டின் இடத்தை எந்திரம் பிடித்தது. சாறு அகன்ற கொப்பரையில் கொதிக்கும். மேலெழும் அழுக்கை அகற்றிக்கொண்டே இருப்பர். பாகு பதம் கண்டதும் இறக்கி அச்சிலோ உருண்டையாகவோ வார்ப்பர். களத்துக்கு வரும் சிறுவர்க்கு ஒரு குவளைச் சாறும் சூடான வெல்லத் துண்டும் கொடுப்பது எழுதப்படாத முறை. நெல்லிக்குப்பத்தில் 1842இல் சர்க்கரை ஆலை தோன்றியது முதல் கரும்பு மெல்ல மெல்லத் தொழிற்சாலைப் பயிராயிற்று. வண்டியில் ஏறிய கரும்பு எடைமேடைக்குச் சென்றது; களத்துச் சாறு அருகியது.

நாலடியார் கண்ட கரும்பு

சமண முனிவர் பாடல்களின் தொகுப்பாகப் போற்றப்படும் நாலடியாரில் கரும்பு மீண்டும் மீண்டும் வருகிறது. நுகர்ச்சியைத் துறந்தவர்கள் இனிப்பின் இயல்பை இவ்வளவு நுட்பமாக அறிந்திருந்தது வியப்பளிக்கும். கற்றறிந்தாரின் நட்பு, கரும்பை நுனியிலிருந்து அடிநோக்கித் தின்பதுபோல் போகப்போக இனிக்கும் என்கிறது ஒரு பாடல். கடித்தாலும், கணு தகர நசுக்கினாலும், இடித்துச் சாறு கொண்டாலும் கரும்பு இனிப்பதுபோல், இகழப்பட்டபோதும் மேலோர் தம் வாயால் தீமை சொல்லார் என்கிறது மற்றொன்று.

அனைத்தினும் ஆழமான உவமை, காலத்தே கரும்பை ஆட்டிக் கட்டி எடுத்துக்கொண்டவர்களைப் பற்றியது. சாறு பிழிந்து எஞ்சிய சக்கை எரியும்போது அவர்கள் வருந்துவதில்லை. அவ்வாறே உடம்பின் பயனாகிய அறத்தைச் செய்து முடித்தவர், கூற்றம் வரும்போது கலங்குவதில்லை. கரும்பாலையைக் கண்ணெதிரே கண்டவர்க்கே இவ்வுவமை கைவரும். தமிழ்ச் சமணர் தம்மவராகப் போற்றும் திருவள்ளுவரும் கரும்பைக் கொடையோடு இணைக்கிறார். குறை சொன்ன அளவிலேயே உதவுவோர் சான்றோர். கரும்பைப் போல் நசுக்கினால் மட்டுமே பயன்படுவோர் கீழ்மக்கள் என்பது அவர் கருத்து. அத்தினாபுரத்து வரலாறு இதனினும் ஒரு படி மேலே செல்கிறது. அங்கே கேட்பதற்கு முன்பே, கேளாதவருக்கே கொடை நிகழ்ந்தது.

பருகும் நெறி

கருப்பஞ்சாறு பிழிந்த உடனே தூயது, வைத்திருக்க ஒண்ணாதது. சில மணி நேரத்தில் நிறம் கறுத்துப் புளிக்கத் தொடங்கும். புளிக்கவிட்டால் கள்ளாகும். பழைய வடமொழி நூல்கள் 'சீது' என்று குறிப்பிடும் மது, கருப்பஞ்சாற்றைப் புளிக்கவைத்துச் செய்ததே. முதல் தீர்த்தங்கரர் ஏற்ற பானமும், இல்லறத்தார் முதலில் விலக்க வேண்டிய மதுவும் ஒரே கரும்பிலிருந்து பிறப்பவை. இரண்டையும் பிரிப்பது காலமும் கவனமுமே. சமண ஒழுக்கம் உணவுப் பொருள்கள் ஒவ்வொன்றுக்கும் கால எல்லை வகுத்ததன் காரணம் இதில் விளங்கும். மது, புலால், தேன் மூன்றையும் விலக்குதல் சிராவக நெறியின் அடிப்படை. திருமுழுக்கில் கருப்பஞ்சாறும் இளநீரும் பாலும் இடம்பெற, தேன் இடம்பெறாமையும் இக்கொள்கையின் விளைவே.

நீரை வடிகட்டிப் பருகுதலும் கதிர் மறைந்தபின் உண்ணாமையும் தமிழ்ச் சமணரின் அடையாளமாகவே இருந்துவந்தன. சிலப்பதிகாரத்தில் கோவலனும் கண்ணகியும் மதுரைப் புறஞ்சேரியில் ஆயர் மகள் மாதரியிடம் அடைக்கலம் பெறுகின்றனர். கோவலன் சாவக நோன்பி என்பதறிந்த மாதரி, பகற்பொழுதில் உணவு சமைத்தற்கு ஏற்ற நல்ல கலங்களைக் காலந்தாழ்த்தாது கொடுக்குமாறு ஆய்ச்சியரிடம் சொல்கிறாள். அவர்கள் காய்களும் கனிகளும் சாலி அரிசியும் தம் ஆனினங்களின் பாற்பயனும் தருகின்றனர். வேற்று நெறியைச் சேர்ந்த ஆய்ச்சியரும் விருந்தினனின் நோன்பை அறிந்து, அதற்கேற்பக் கொடுக்கத் தெரிந்திருந்தனர்.

நீர் கொடுத்தலும் தானமாகவே கருதப்பட்டது. ஆர்க்காட்டை அடுத்த விளாப்பாக்கத்தில் முதலாம் பராந்தக சோழனின் 38ஆம் ஆட்சியாண்டுக் (கி.பி. 945) கல்வெட்டு ஒன்று உள்ளது. திருப்பான்மலை அரிட்டநேமிப் பிடாரரின் மாணாக்கியாகிய பட்டினிக் குரத்தியடிகள் கிணறு ஒன்றை வெட்டுவித்த செய்தியை அது கூறுகிறது. பட்டினி நோன்பால் பெயர் பெற்ற பெண் துறவி, பிறர் தாகம் தீரக் கிணறு வெட்டுவித்தார்.

இன்று எங்கே பருகலாம்

அட்சய திருதியையன்று கருப்பஞ்சாற்றை அதன் வரலாற்றோடு சேர்த்துப் பருக விரும்புவோர் செல்லத்தக்க முதல் தலம் அத்தினாபுரமே. உத்தரப் பிரதேசத்தின் மீரட் மாவட்டத்தில், கங்கையின் பழைய போக்கை ஒட்டி அமைந்த அவ்வூர் இன்று ஹஸ்தினாபூர் எனப்படுகிறது. சாந்திநாதர், குந்துநாதர், அரநாதர் என்னும் மூன்று தீர்த்தங்கரர்கள் பிறந்த தலமும் அதுவே. 1801இல் எழுப்பப்பட்ட திகம்பரப் பெரிய கோயிலும், சம்பூத்வீப அமைப்பும் அங்குள்ளன. திருதியை நாளில் ஓராண்டு நோன்பிருந்த சுவேதாம்பரத் தபசிகள் அங்கும் பாலிதானாவிலும் கூடிக் கருப்பஞ்சாறு அருந்திப் பாரணை செய்கின்றனர்.

அங்கே குவளையில் ஏந்தும் சாற்றில் தமிழகத்தின் பங்கும் உண்டு. கோயம்புத்தூரில் 1912இல் நிறுவப்பட்ட கரும்பு இனப்பெருக்க நிலையத்தில் பார்பரும் டி. எஸ். வேங்கடராமனும் பயிர்க்கரும்பையும் காட்டு நாணலினத்துக் கரும்பையும் கலந்து புது இனங்களை உருவாக்கினர். 1918இல் வெளிவந்த 'கோ 205' வட இந்தியக் கரும்பு வேளாண்மையையே மாற்றியது. 'கோ' என்பது கோயம்புத்தூரைக் குறிக்கும். அந்நிறுவனத்தின் கர்நால் கிளையில் தேர்வுபெற்று 2009இல் வெளியான 'கோ 0238' பின்னர் உத்தரப் பிரதேசக் கரும்பு நிலத்தின் பெரும்பகுதியில் பயிராயிற்று. அரிதாக ஒருகாலத்தில் தமிழகத்துக்குக் கொண்டுவரப்பட்ட கரும்பு, புதுப்பிறவி எடுத்து ஆதிபகவன் பாரணை செய்த நாட்டுக்குச் சென்றிருக்கிறது.

தமிழகத்தில் விழுப்புரம், கள்ளக்குறிச்சி, திருவண்ணாமலை மாவட்டங்களில் வெல்லம் காய்ச்சும் களங்கள் அறுவடைக் காலத்தில் இயங்குகின்றன. மேல்சித்தாமூர் ஜினகாஞ்சி மடத்துக்கோ, திருமலைக்கோ, பொன்னூர் மலைக்கோ யாத்திரை செல்வோர், வழியில் புகையெழும் களம் ஒன்றைக் கண்டால் இறங்கிக் கேட்கலாம். கொதிக்கவைப்பதற்கு முன் எடுத்த சாறு அங்கே கிடைக்கும்.

சாலையோரக் கரும்புச்சாற்றுக் கடைகளில் நோன்பு காப்போர் கவனிக்க வேண்டியவை மூன்று. ஒன்று, கரும்போடு இஞ்சித் துண்டையும் வைத்துப் பிழிவது அங்கு வழக்கம். கிழங்கு விலக்குவோர் முன்கூட்டியே சொல்லிவிடுதல் நலம். இரண்டு, பனிக்கட்டி எந்த நீரில் உறைந்தது என்பது தெரியாது, அதனைத் தவிர்க்கலாம். மூன்று, சாறு கண்ணெதிரே பிழியப்பட்டு, துணியில் வடிகட்டப்பட்டு, கதிர் மறையுமுன் பருகப்பட வேண்டும். பொங்கலுக்கு வாங்கும் செங்கரும்பு மென்று தின்பதற்கு ஏற்றது; சாற்றுக்குப் பெரும்பாலும் ஆலைக் கரும்பையே பயன்படுத்துவர். கரும்பு கிடைக்காத பருவத்தில் வெல்லத்தை வடிகட்டிய நீரில் கரைத்து, சுக்கும் ஏலமும் சேர்த்த பானகம் இல்லங்களில் அதன் இடத்தை நிரப்பும். உலர்ந்த சுக்குக்கு இஞ்சிக்குரிய விலக்கு இல்லை.

ஏந்திய கைகளின்முன்

கருப்பஞ்சாற்றின் வரலாறு இன்றைய தலைமுறையிடம் கேட்பது, அதனை ஆண்டுக்கொருமுறை பருகுவதை மட்டும் அன்று. திகம்பர முனிவர் நாளுக்கு ஒருமுறை மட்டுமே, நின்றபடி, கைகளையே கலமாகக் கொண்டு உண்பர். நீர் பருகுவதும் அவ்வொரு வேளையில் மட்டுமே. உணவில் ஒரு மயிரோ இறந்த சிற்றுயிரோ காணப்பட்டால் அந்தராயம் எனக் கொண்டு அப்போதே கைகளை விலக்கிவிடுவர். அதன்பின் மறுநாள் வரை உணவில்லை. ஒரு துளி நீரும் இல்லை. சித்திரை வெயிலில் பொன்னூர் மலைப்பகுதியில் நடந்துவரும் முனிவர் ஒருவருக்குச் சிராவகியின் கவனக்குறைவு எவ்வளவு பெரிய இழப்பு என்பதை எண்ணிப்பார்க்க வேண்டும்.

அதனால்தான் எதிர்கொண்டு அழைத்தல், உயர்ந்த இருக்கை அளித்தல், திருவடி விளக்குதல், அருச்சித்தல், வணங்குதல், மனம், சொல், மெய், உணவு ஆகிய நான்கின் தூய்மை என ஒன்பது வகைப் பக்தியை முன்னோர் வகுத்தனர். இவை வெறும் சடங்குகள் அல்ல. ஏற்பவரின் வாழ்வு கொடுப்பவரின் அறிவைச் சார்ந்திருக்கிறது என்ற உண்மையிலிருந்து பிறந்தவை. கிணற்று நீரைச் சேந்தி, வெள்ளைத் துணியில் வடித்து, கொதிக்கவைத்து, அதன் கால எல்லையை நினைவில் வைத்திருந்த மூதாட்டியரிடம் இவ்வறிவு இயல்பாக இருந்தது. கிராமத்து வீட்டைப் பூட்டிவிட்டு நகரத்து அடுக்ககத்துக்குக் குடிபெயர்ந்த குடும்பங்களில் அது வாய்மொழியாகக் கைமாறும் வாய்ப்புக் குறைந்துவருகிறது. குழாய் நீரும் குளிர்பதனப் பெட்டியும் உள்ள இல்லத்தில், முனிவர் வாயிலில் வந்து நின்றால் முதலில் செய்ய வேண்டியது எது என்பதை இளையோர் எத்தனை பேர் அறிவர்?

பகவானைப் பசியோடு அனுப்பிய அந்நாட்டு மக்கள் தீயவர்கள் அல்லர். அவர்களிடம் பொன் இருந்தது, அன்பும் இருந்தது. அறிவு மட்டும் அற்றுப்போயிருந்தது. ஒரு சமூகம் செல்வத்தில் வளர்ந்து, கொடுக்கும் நெறியில் தேய்ந்தால் அதே நிலை மீளும். சிரேயாம்சனுக்குப் பழம்பிறப்பின் நினைவு தானே வந்து உதவியது. இன்றுள்ளோருக்கு அந்த நினைவு பாட்டியரின் சமையற்கட்டிலும் ஜினாலயத்தின் திருமுழுக்கு மண்டபத்திலும் இன்னும் உயிரோடிருக்கிறது. கேட்டால் சொல்வோர் இருக்கும்போதே கேட்டுக்கொள்ள வேண்டும்.

வரும் அட்சய திருதியையில் பொற்கடைக்குச் செல்வோர் செல்லலாம். அதற்குமுன் காலையில் ஊர் ஜினாலயத்தில் கூடி, கரும்பைக் கண்ணெதிரே பிழிந்து, வெண்துணியில் வடித்து, ஆதிநாதருக்குத் திருமுழுக்காட்டி, வந்தவர் அனைவருக்கும் ஒவ்வொரு குவளை வழங்கலாம். அதனைப் பிழியும் பொறுப்பையும் வடிக்கும் பொறுப்பையும் வழங்கும் பொறுப்பையும் பிள்ளைகளிடமே ஒப்படைக்கலாம். பருகக் கற்பிக்க வேண்டியதில்லை. அது நாவுக்குத் தானே தெரியும். கொடுக்கவே கற்பிக்க வேண்டும்.